ஆர் கற்க ஆங்கிலம்தான் தடையா?

பதுளைப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கிறது. பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, தோட்ட லயத்திலிருந்து போராடிப் படித்து வளாகத்துக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் இறுதியாண்டு ஆய்வு வரும்போது புள்ளிவிபரவியலில் விழுந்துவிடுகிறது. காரணம் ஆங்கிலம். ஆர் என்ற கணினி மொழியில் கணக்குப் போடச் சொல்கிறார்கள், அதில் சிக்கினால் கிடைக்கிற உதவியெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பிள்ளைக்குக் கேட்கத் தெரியவில்லை. ஆகவே ஆங்கில வகுப்பு வையுங்கள். பெற்றோர் இதைச் சொல்கிறார்கள், அதிபர்மார் சொல்கிறார்கள், பரிசளிப்பு விழா மேடைகளிலும் இதைத்தான் கேட்கிறோம். அண்மையில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இனி அந்தக் கவலையும் வேண்டாம், ஏஐயிடம் தமிழிலேயே கேட்டால் அது எழுதித் தந்துவிடும்.

இந்தக் கருத்தின் இரண்டு பாதிகளையும் மறுக்கிறேன். முதல் பாதி, மற்றவர்கள் விட்ட குறையைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறது. இரண்டாம் பாதி அந்தக் குறையை மூடி மறைக்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது: உதவி எங்கோ வெளியில் குவிந்திருக்கிறது, அதை எட்டுவதற்கு ஒரு மொழியோ ஒரு கருவியோ போதும். புள்ளிவிபரவியலில் உதவி அப்படி வருவதில்லை. இந்த எண் எங்கிருந்து வந்தது, யார் அளந்தது, எப்போது அளந்தது, எது விடுபட்டது என்று ஒருவர் கேட்கும்போதுதான் உதவி தொடங்குகிறது. ஊவா மலைகளின் எண்களைப் பற்றி அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் ஊவாவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தமிழில் கேட்பார்கள். பிள்ளையும் தமிழில் பதில் சொல்லும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆய்வறிக்கையையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் ஆரில் சிக்கிய பிள்ளை உண்மையில் ஆங்கிலத்திலா சிக்கியது? ஆரின் அன்றாடப் புழக்கத்துக்கு வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். பிழைச் செய்திகளும் திரும்பத் திரும்ப வருகிற அதே சில வாக்கியங்கள்தான். "ஒப்ஜெக்ட் நொட் ஃபவுண்ட்" என்று வந்தால், பெயரை எழுத்து மாற்றி அடித்திருக்கிறாய், அல்லது அந்தத் தரவை இன்னும் ஏற்றவில்லை. சாதாரண தரம் முடித்த எந்தப் பிள்ளைக்கும் இதை ஒரு பின்னேரத்தில் விளங்கவைக்கலாம்.

ஆரின் வரலாறும் இந்தக் கருத்துக்குச் சாதகமாக இல்லை. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோன் சேம்பர்ஸும் அவரோடு இருந்தவர்களும் எஸ் என்ற மொழியைத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் அதைப் பின்பற்றி, தங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கும் தேவையை மனதில் வைத்து ஆரை எழுதினார்கள். 1995இல் அதை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தின் கீழ் விட்டார்கள். 2000 பெப்ரவரி 29இல் முதல் முழுமையான பதிப்பு வந்தது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் உலகின் பெரிய ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே கருவி கிடைத்தது அப்படித்தான். இன்று ஜப்பானியர், கொரியர், துருக்கியர் ஆரை நிறுவும்போது அதன் பிழைச் செய்திகள் பெருமளவு அவரவர் மொழியிலேயே வருகின்றன. அங்குள்ள ஆட்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்த பயன் அது. தோக்கியோவில் ஆர் பயன்படுத்துவோர் ஜப்பானிய மொழியிலேயே கூட்டம் கூடிப் பேசுகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து, ஆரில் தரவைக் கையாளக் கற்பிக்கும் ஒரு முதன்மைப் பாடநூலை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் எல்லோரும் ஆங்கிலம் படித்து முடிப்போம், பிறகு ஆரைப் பார்ப்போம் என்று அவர்களில் யாரும் காத்திருக்கவில்லை.

பிள்ளை உதவி கேட்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்ப்போம். இரவில் வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். லெப்டொப் திரையைக் கைத்தொலைபேசியில் சரித்துப் பிடித்து எடுத்த படம். சிவப்பு எழுத்தில் மூன்று வரி. முதல் வரி பாதி வெட்டுப்பட்டிருக்கும், மூன்றாவதன் மேல் மின்குமிழின் வெளிச்சம் விழுந்து எழுத்துத் தெரியாது. கீழே ஒரு வாக்கியம்: "சேர், கோட் வேல செய்ய மாட்டேங்குது." இதை அப்பழுக்கற்ற ஆங்கிலத்தில் எழுதி உலகின் தலைசிறந்த நிபுணருக்கு அனுப்பினாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. தரவு என்ன என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை என்ன செய்ய நினைத்தது, என்ன கட்டளை கொடுத்தது, அதற்கு ஆர் என்ன சொன்னது, எதுவும் அதில் இல்லை. குறை மொழியில் இருந்தால் தமிழில் கேட்கும்போதாவது கேள்வி முழுமையாக வந்திருக்க வேண்டும். வரவில்லையே!

கேட்பது ஒரு கைத்தொழில். அதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். நானூறு வரி அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு அழாமல், அதே பிழை இன்னும் வருகிற மாதிரி ஆறு வரிக்குச் சுருக்கு. தேவையில்லாத நிரல்களை எடுத்துவிடு. ஆரை மூடிவிட்டுப் புதிதாகத் திற, அந்த ஆறு வரியை மட்டும் ஏற்று, கட்டளையை மறுபடி கொடு. பிழை திரும்ப வந்தால் படம் எடுக்காமல் எழுத்தாகவே நகல் எடுத்து அனுப்பு. இப்படிச் சுருக்கிக்கொண்டே வரும்போது பிழை இருக்கும் இடம் பல நேரம் தானாகவே கண்ணில் பட்டுவிடும், யாரையும் கேட்கத் தேவையே இருக்காது. இதில் எந்தப் படிக்கு ஆங்கிலம் வேண்டும்? நம் பாடசாலைகளில் கேள்வி எப்போதும் வினாத்தாளிலிருந்து வருகிறது, பிள்ளை விடையை மட்டும் எழுதுகிறது. உயர்தரம் வரை பதின்மூன்று ஆண்டு அப்படி வளர்ந்த பிள்ளையிடம், திடீரென்று நீயே கேள்வியை உருவாக்கு என்கிறோம். முடியாதபோது ஆங்கிலம் போதாது என்று தீர்ப்பு எழுதுகிறோம். இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இனி ஏஐக்கு வருவோம். அது பயனற்றது என்று சொன்னால் அது பொய். விடுபட்ட அடைப்புக்குறியை, இடம் மாறிய காற்புள்ளியை அது நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆனால் சிவப்பு எழுத்து வரும் பிழைகள் சின்னப் பிழைகள். பெரிய பிழைகளுக்கு ஆர் எந்தச் சத்தமும் போடுவதில்லை.

தேயிலை ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வகை உரம். மலைச்சரிவின் மேல், நடு, கீழ் என்று மூன்று தொகுதி. ஆக மொத்தம் பன்னிரண்டு துண்டு நிலம், ஒவ்வொன்றிலும் கொழுந்தின் நிறை. பிள்ளை எக்செல்லில் உரங்களுக்கு 1, 2, 3, 4 என்றும் தொகுதிகளுக்கு 1, 2, 3 என்றும் இலக்கம் போட்டிருக்கிறது. மாறற் பகுப்பாய்வுக் கட்டளையைக் கொடுத்ததும் விடை அழகாக வந்துவிடுகிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறிகளும் வருகின்றன. ஆனால் ஆர் அந்த 1, 2, 3, 4ஐ உரத்தின் பெயர்களாக எடுத்துக்கொள்ளவில்லை, எண்களாக எடுத்துக்கொண்டது. நான்காம் உரம் முதலாம் உரத்தைப் போல நான்கு மடங்கு என்கிற மாதிரி, நான்குக்கும் ஊடாக ஒரு நேர்கோடு போட்டுவிட்டது. இதைக் காட்டிக்கொடுப்பது டி.எஃப். என்ற ஒரே ஒரு நிரல்தான். வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து உரத்துக்கு 3, தொகுதிக்கு 2, மிச்சத்துக்கு 6 என்று வர வேண்டிய இடத்தில் 1, 1, 9 என்று நிற்கும். இலக்கங்களை ஃபேக்டராக, அதாவது வகைப் பெயர்களாக மாற்று என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். பிள்ளை தொடக்கத்திலேயே உ1, உ2 என்று எழுத்துச் சேர்த்துப் பெயர் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இந்தப் பிழையைப் பிடிக்கப் பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்க வேண்டும்? "எத்தன வகை உரம் போட்டீங்க?" "நாலு, சேர்." "அப்ப இந்த எடத்துல எத்தன வரணும்?" இவ்வளவுதான். ஏஐயிடம் விடையைக் காட்டி விளக்கம் கேட்டால், உரத்தின் விளைவு குறிப்பிடத்தக்கது என்று அது நல்ல தமிழில் ஒரு பந்தி எழுதித் தரக்கூடும். நான்கு உரம், மூன்று தொகுதி, அவை வெறும் பெயர்கள் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் அதுவே பிழையைச் சுட்டிக்காட்டவும் கூடும். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி தூரத்தை ஏற்கனவே கடந்துவிட்டது. ஏஐ வந்ததால் கேட்கக் கற்க வேண்டிய தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இதைவிட ஆழமான ஒன்று, நம் மலைகளுக்கே உரியது. கொழுந்து ஏறத்தாழ ஏழு நாளுக்கு ஒரு ரவுண்ட் எடுக்கிறார்கள். தீபாவளி வருகிறது, அல்லது வேலைநிறுத்தம், அல்லது கடும் மழை. ஒரு ரவுண்ட் விடுபட்டுப்போகிறது. பிள்ளையின் அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். ஆரில் அது என்ஏ, இல்லாத மதிப்பு. சராசரி கேட்டால் ஆர் என்ஏ என்றே பதில் சொல்லும். எங்கே தேடினாலும், யாரைக் கேட்டாலும், எந்த ஏஐயைத் தட்டினாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: விடுபட்டதை நீக்கிவிட்டுக் கணக்கிடு என்ற சிறு கட்டளையைச் சேர். சேர்த்ததும் எண் வந்துவிடும், பிள்ளைக்கும் நிம்மதி. அந்த எண் தவறு. எடுக்காமல் விட்ட கொழுந்து செடியிலேயே நின்று அடுத்த ரவுண்டில் சேர்ந்து வந்திருக்கிறது. அந்த ரவுண்டின் நிறை ஏற்கனவே வீங்கியிருக்கிறது. விடுபட்டதை நீக்கிவிட்டு வீங்கியதை வைத்துக்கொண்டால் சராசரி உயர்ந்துவிடும். வெறுமைக்குப் பதிலாக 0 என்று எழுதியிருந்தால் சராசரி ஓரளவு சரியாக வரும், ஆனால் ஏற்ற இறக்கம் தாறுமாறாகிவிடும். சரியான வழி, ரவுண்டை விட்டுவிட்டு நாட்களால் வகுப்பது. இதைச் சொல்வதற்குக் கொழுந்து எடுக்கும் ரவுண்ட் என்றால் என்ன என்று தெரிந்த ஆள் வேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியும், அதன் அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தனக்குத் தெரிந்த அந்த விசயம்தான் புள்ளிவிபரவியல் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

நிறையும் அப்படித்தான். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கணக்கில் கழிவு பிடிப்பதைப் பற்றித் தொழிலாளர்கள் காலம் காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறுவது கழிவு போன நிறை. அந்தக் கணக்குதான் அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழு நாட்கூலியா அரை நாட்கூலியா என்று தீர்மானிக்கிறது. ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் பச்சைக்கொழுந்து இறங்கும்போது எழுதுகிற நிறை வேறொன்று. பிள்ளை எந்த நிறையை ஆரில் ஏற்றியிருக்கிறது? தோட்டத்தில் அடி வைக்காத எவருக்கும் இந்தக் கேள்வி தோன்றாது, அவருடைய ஆங்கிலம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும்.

புள்ளிவிபரவியலே இப்படித்தான் வளர்ந்தது. 1919இல் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம் பிள்ளைகளை இன்று திணறவைக்கும் மாறற் பகுப்பாய்வும், தொகுதி பிரித்து எழுமாறாக உரமிடும் முறையும் அங்கேதான் உருவாயின. வயலுக்கும் எருவுக்கும் பக்கத்தில், அவற்றை அளந்தவர்களோடு அவர் இருந்தார்.

இந்த அருகாமை இல்லாத இடத்தில் என்ன வளர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பேசத்தான் தயங்குகிறார்கள். தரவை அனுப்புங்கள், பகுப்பாய்வு செய்து தருகிறோம் என்று காசுக்குச் செய்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். பிள்ளையின் ஆய்வறிக்கையில் முடிவுகள் வரும் நான்காம் அத்தியாயத்துக்காக அம்மாவின் எத்தனை முழுப்பேர் போகிறது என்று வீட்டில் கணக்குப் பார்ப்பார்கள், கொடுத்தும்விடுவார்கள். திரும்பி வருவது பளபளப்பான அட்டவணைகள். நேர்முகத் தேர்வில் மிச்சத்துக்கு இந்த 9 எப்படி வந்தது என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனியும். அதைப் பார்த்து மறுபடியும் ஆங்கிலம் போதாது என்பார்கள். காசு வாங்கியவரையும் நான் பெரிதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அவர் கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கவில்லை, அட்டவணைக்கு வாங்கினார். பிள்ளையைக் கேட்க விடாமல், கேட்கவும் ஆள் இல்லாமல் விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பட்டத்துக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகு மழைக்கும் மண்சரிவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்குரிய பொருளாகிவிட்டது. இலங்கையில் 24 மணிநேர மழையைக் காலை 8.30க்கு அளப்பது வழக்கம். ஆக, 29ஆம் திகதி காலை அளக்கிற மழையில் பெரும்பகுதி 28ஆம் திகதி பெய்ததாக இருக்கலாம். அதை எந்தத் திகதிக்கு நேரே எழுதினார்கள்? மழை அட்டவணையையும் சரிவு அட்டவணையையும் திகதியால் இணைக்கச் சொன்னால் ஆர் ஒரு சொல் பேசாமல் இணைத்துக் கொடுக்கும். ஒரு நாள் மாறிப்போனால், சரிவுக்கு முன் பெய்த மழை சரிவுக்குப் பின் பெய்ததாகிவிடும். அப்படிப்பட்ட கணக்கிலிருந்து ஓர் எச்சரிக்கை அளவை எடுத்தால், அந்த அளவை நம்பி இரவில் தூங்கப் போவது லயத்தில் இருப்பவர்கள். அந்தத் தோட்டத்தில் மழைமானியைப் பார்த்து எழுதிய ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலையகத் தமிழரான நம்மை எண்ணுவதில் இந்த நாடு ஒருநாளும் குறை வைத்ததில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து எண்ணுகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். இந்த எண்களை எடுத்துக்கொண்டு வெளியில் இருப்பவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், திட்டம் வரைகிறார்கள். அந்தத் தரவை நாமே திறந்து, இதே 31.7 எந்தெந்த வீடுகளில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்க்கிற ஆட்கள் பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் உருவாக வேண்டும். அதற்கான கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதை ஆங்கில வகுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுவது, இன்னொரு தலைமுறையை எண்ணப்படுகிறவர்களாகவே விட்டுவைப்பது.

ஆள் எங்கே என்பது அடுத்த ஆட்சேபம். இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே, பசறை வீதியில் இருக்கிறது. தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே அங்கு கற்பிக்கிறார்கள். 1925இல் நிறுவிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தலைமையகம் தலவாக்கலையில் இருந்தாலும், ஊவாவுக்கான நிலையம் பசறையில் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் படித்த, வேலை செய்த தமிழ்ப் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆரும் தெரியும், மடுவமும் தெரியும். சனிக்கிழமை அரை நாள் ஒரு பாடசாலையின் கணினி அறையைத் திறந்துவிட்டு, அவர்களில் இரண்டு பேரை உட்கார வைத்து, அந்த அரை நாளுக்கு உரிய கூலியைக் கொடுப்பது மாகாண சபைக்கோ மலையக அறக்கட்டளைகளுக்கோ முடியாத காரியமில்லை. ஆங்கில வகுப்புகளுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கே போதும். கூலி என்பதை அழுத்திச் சொல்கிறேன். படித்த தோட்டத்துப் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சேவையாகவே கேட்டுப் பழகிவிட்டோம்.

இந்த உதவி, ஆய்வு முடிந்து பிழைச் செய்தி வந்த இரவில் தொடங்கினால் பிந்திவிடும். அடுத்த இறுதியாண்டுப் பிள்ளை முதல் நிறையை எழுதும் முன்னரே அதோடு உட்கார்ந்து, தாளில் என்னென்ன நிரல் வேண்டும் என்று பேசிவிட வேண்டும்: கொழுந்து எடுத்த திகதி, முந்திய ரவுண்டின் திகதி, கழிவுக்கு முன் நிறை, கழிவுக்குப் பின் நிறை, ரவுண்ட் விடுபட்டிருந்தால் அதற்கான காரணம், நிறுத்தவரின் பெயர்.